சிறு கணிப்பொறிகளின் நினைவகமும் இடமாற்றுக் கோப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

'நினைவகம்' என்னும் சொல் தமிழில் இன்று இருபொருளில் வழங்குகின்றது. மறைந்த பெரியோர்க்கு எழுப்பப்படும் மண்டபமும் நினைவகமே. கணிப்பொறி தன் பணிக்கு வேண்டிய தரவுகளை வைத்துக்கொள்ளும் பகுதியும் நினைவகமே. முன்னது மறதியை வெல்வதற்காக எழுப்பப்படுவது. பின்னதோ மின்சாரம் நின்ற நொடியிலேயே தன்பால் உள்ளவை அனைத்தையும் மறந்துவிடுவது. ரேம் என வழங்கும் இந்நினைவகம் மிகுந்த விரைவுடையது. ஆனால் விலை உயர்ந்தது. ஆதலின் அளவிற் சிறியது. ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்தட்டு மலிவானது, அளவிற் பெரியது, மின்சாரம் நின்றாலும் மறவாதது, ஆனால் விரைவில் மிகவும் பிற்பட்டது. ரேமில் இடம் போதாதபோது, உடனடியாகத் தேவைப்படாத தரவுகளை வன்தட்டில் ஒதுக்கிய ஓரிடத்துக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அவ்வாறு ஒதுக்கப்படும் இடமே இடமாற்றுக் கோப்பு. கணிப்பொறி நிலையங்களில் 'ஸ்வாப் ஃபைல்' என்று வழங்கியது இதுவே.

இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாண்டு நிறைவு மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்னும் வினா எழுதல் இயல்பு. 1990களில் தமிழ்ச் சிற்றிதழ்களும் கவிதைத் தொகுதிகளும் ஆய்வேடுகளும் பெருமளவில் ஈய அச்செழுத்தை விட்டுக் கணிப்பொறி அச்சுக்கோப்புக்கு மாறின. அவை உருப்பெற்ற பொறிகள் இக்கட்டுரையில் பேசப்படும் பொறிகளே. ஓலையையும் எழுத்தாணியையும் அச்சு எழுத்தையும் அறியாமல் தமிழ் நூல்களின் வரலாற்றை எழுத இயலாது. அவ்வாறே இப்பொறிகளின் எல்லைகளை அறியாமல் அண்மைக் காலப் பதிப்பு வரலாற்றையும் முழுமையாக எழுத இயலாது.

நினைவகப் பற்றாக்குறைக்குரிய சீரிய தீர்வு 1962ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டு, இயங்கியும் காட்டப்பட்டது. எனினும் அத்தீர்வு எளிய மக்களின் மேசைக்கு வந்துசேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அவ்விடைக்காலத்தில், பொறி செய்திருக்கவேண்டிய பணியை மனிதர் தம் நேரத்தைச் செலவிட்டுச் செய்தனர். இத்தாழ்வு எவ்வாறு நேர்ந்தது, அதன் விலையை யார் கொடுத்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையால் இடம் மாற்றிய காலம்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1948 ஜூன் 21 அன்று, நிரலைத் தன் மின்னணு நினைவகத்திலேயே வைத்து இயக்கிய முதற் கணிப்பொறி இயங்கிற்று. 'பேபி' எனச் செல்லமாக அழைக்கப்பெற்ற அப்பொறியின் நினைவகம் 32 'சொற்களை' மட்டுமே கொண்டது. இங்குச் 'சொல்' என்பது 32 இரும இலக்கங்களின் தொகுதி. ஆக, முழு நினைவகமும் இன்றைய அளவையில் 128 பைட்டுகளே. இன்று பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளைக் கொள்கின்றது. அம்முறையில் எழுதப்பட்ட நான்கடி வெண்பா ஒன்றை அந்நினைவகத்தில் அடக்க இயலாது.

இதனைத் தொடர்ந்து அங்கேயே உருவான மார்க் 1 பொறியில், விரைவான சிறு நினைவகத்துடன் மெதுவாக இயங்கும் பெரிய காந்த உருளை ஒன்றும் சேர்க்கப்பட்டது. அளவுச் சிக்கல் ஒருவாறு தீர்ந்தது. வேறொரு சிக்கல் பிறந்தது. எந்தப் பகுதியை எப்போது உருளையிலிருந்து எடுப்பது, எதனை எப்போது உருளைக்குத் திருப்பி அனுப்புவது என்பவற்றை நிரலரே ஒவ்வொன்றாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. கணக்கைத் தீர்க்கும் வழியைச் சிந்திக்கவேண்டியவர், பொருள்களை இடம் மாற்றும் பணியிலேயே பெரும்பொழுதைச் செலவிட்டார். 1954இல் டோனி புரூக்கர் மார்க் 1 பொறிக்காக உருவாக்கிய ஆட்டோகோடு என்னும் நிரல்மொழி இச்சுமையைப் பெரிதும் குறைத்தது. 1956இல் செருமனியின் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃபிரிட்ஸ் ருடால்ஃப் குன்ட்ச் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், இவ்விடமாற்றத்தைப் பொறியே தானாகச் செய்யும் முறை ஒன்றை விளக்கினார். கருத்து பிறந்துவிட்டது, அதனை முழுமையாக இயக்கிக் காட்டும் பணி எஞ்சியிருந்தது.

அட்லஸ் பொறியின் பக்கங்கள்

அப்பணியை மான்செஸ்டரில் டாம் கில்பர்னும் அவர்தம் குழுவினரும் ஃபெராண்டி நிறுவனத்தோடு இணைந்து நிறைவேற்றினர். 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கிவைக்கப்பெற்ற அட்லஸ் கணிப்பொறியில் 16,384 சொற்கள் கொண்ட காந்த வளைய நினைவகமும் 98,304 சொற்கள் கொண்ட காந்த உருளைகளும் இருந்தன. அதாவது, விரைவான நினைவகத்தைப் போல் ஆறு மடங்கு இடம் உருளைகளில் இருந்தது. நிரலரோ இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியவேண்டியதில்லை. அவர் கண்ணுக்கு அனைத்தும் ஒரே நினைவகமாகவே தோன்றும். இதனாலேயே அக்குழுவினர் தம் கண்டுபிடிப்புக்கு 'ஒருநிலைச் சேமிப்பு முறை' என்னும் பொருள்படப் பெயரிட்டனர்.

இதன் செயற்பாட்டை ஓர் ஒப்புமையால் விளக்கலாம். ஆய்வாளர் ஒருவரின் மேசையில் 32 நூல்களுக்கே இடம் உண்டு. நூலக அலமாரியிலோ பன்மடங்கு நூல்கள் உள்ளன. அவர் கேட்கும் நூல் மேசையில் இருந்தால் உடனே எடுத்துக்கொள்கின்றார். இல்லையேல் உதவியாளர் அலமாரிக்குச் சென்று அதனைக் கொணர்கின்றார். மேசையில் இடமில்லையெனில், இனி உடனடியாகத் தேவைப்படாது என்று தோன்றும் ஒரு நூலை எடுத்துச் சென்று அலமாரியில் வைக்கின்றார். அட்லஸ் பொறியில் இந்நூல்களின் இடத்தில் இருந்தவை 'பக்கங்கள்'. ஒரு பக்கம் என்பது 512 சொற்கள். நினைவகம் 32 பக்கங்களைக் கொள்ளும். எந்தப் பக்கம் எங்குள்ளது என்பதைக் காட்டும் 32 பதிவுக் கருவிகள் இருந்தன. எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பதை, ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு காலம் பயன்பட்டது, எவ்வளவு காலம் பயன்படாதிருந்தது என்பவற்றைக் கண்காணித்து முடிவு செய்யும் நிரல் ஒன்றும் இருந்தது.

இங்கு ஓர் உண்மையை அழுத்திக் கூறவேண்டும். இம்முறை புதிய நினைவகத்தை உண்டாக்குவதில்லை; இடத்தைப் பெற்றுக்கொண்டு காலத்தை விலையாகக் கொடுக்கின்றது. அலமாரிக்கு நடக்கும் நேரமே அவ்விலை. உதவியாளர் எத்துணைத் திறமையுடையவராயினும் நடைநேரத்தை ஒழிக்க இயலாது. நடையின் எண்ணிக்கையைக் குறைக்கவே இயலும்.

அலைச்சலும் அதன் இலக்கணமும்

1960களின் நடுப்பகுதியில் ஒரே பொறியில் பலர் ஒருங்கே பணியாற்றும் அமைப்புகள் தோன்றின. அவற்றில் எதிர்பாராத நோய் ஒன்று காணப்பட்டது. இயங்கும் நிரல்களின் எண்ணிக்கை ஓர் எல்லையைக் கடந்ததும், பொறியின் வேகம் படிப்படியாகக் குறையாமல் திடீரெனச் சரிந்தது. பொறி முழுமூச்சாக உழைத்தது. ஆனால் பயன்தரும் பணி எதுவும் நடைபெறவில்லை. இப்போது அனுப்பிய பக்கமே அடுத்த நொடி தேவைப்படும். அதனைக் கொணர்வதற்காக அனுப்பப்படும் பக்கம் அதற்கடுத்த நொடி தேவைப்படும். இந்நிலையை 'திராஷிங்' என்று குறித்தனர். தமிழில் அலைச்சல் என்று கூறுதல் பொருந்தும்.

இதன் காரணத்தை அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் டென்னிங் 1968இல் வெளியிட்ட கட்டுரைகளில் தெளிவுபடுத்தினார். எந்த நிரலும் தன் பக்கங்கள் அனைத்தையும் ஒருசேரப் பயன்படுத்துவதில்லை. குறிப்பிட்ட காலப்பகுதியில் ஒரு சிறு கூட்டத்தையே மீண்டும் மீண்டும் நாடுகின்றது. அக்கூட்டத்தை அவர் பணித்தொகுதி என்னும் பொருள்படப் பெயரிட்டார். பணித்தொகுதி முழுவதும் நினைவகத்தில் இருக்குமாயின் எஞ்சியவை வெளியே கிடப்பதால் தீங்கில்லை. பணித்தொகுதிக்கே இடமில்லையெனில் எத்துணைப் பெரிய இடமாற்றுக் கோப்பும் பயன்தராது. இடமாற்றுக் கோப்பின் ஆற்றலும் எல்லையும் இவ்வொரு விதியில் அடங்கும். ஆக, சிறு கணிப்பொறி மேசைக்கு வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தீர்வும், தீர்வின் இலக்கணமும் அச்சேறியிருந்தன. 1972இல் ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணிப்பொறி வரிசையில் மெய்நிகர் நினைவகத்தை அறிமுகப்படுத்தியபோது, இது பெருநிறுவனங்களுக்கு வழக்கமான வசதியாயிற்று.

640 கிலோபைட்டு என்னும் வேலி

1981 ஆகஸ்டு 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தனியாள் கணிப்பொறியை அறிமுகம் செய்தது. அதன் இன்டெல் 8088 நுண்செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள் இருந்தன. ஆதலின் அது சுட்டக்கூடிய இடங்கள் 10,48,576 மட்டுமே. அதாவது 1 மெகாபைட்டு. அதில் மேற்பகுதியான 384 கிலோபைட்டு திரைக்கும் நிலையான சுற்றுகளுக்கும் ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 640 கிலோபைட்டு நிரல்களுக்கு விடப்பட்டது. தொடக்க வடிவம் 16 கிலோபைட்டு நினைவகத்துடனேயே விற்கப்பட்டது என்பதை நோக்க, 640 என்பது அன்று பெருந்தோட்டமாகத் தோன்றியதில் வியப்பில்லை. சில ஆண்டுகளில் அத்தோட்டத்தின் வேலியே சிறையின் சுவராயிற்று.

அப்பொறியில் பக்க மாற்றத்துக்குரிய சுற்றுகள் எவையும் இல்லை. பக்கங்களை அனுப்பிவைக்க வன்தட்டும் தொடக்கத்தில் இல்லை. 10 மெகாபைட்டு வன்தட்டுடன் கூடிய எக்ஸ்டி வடிவம் 1983இல் வந்தது. 1982இல் வெளிவந்த 80286 நுண்செயலி 16 மெகாபைட்டு வரை சுட்டவல்லது. 1985இல் வெளிவந்த 80386 நுண்செயலியோ 4,096 பைட்டு அளவுள்ள பக்கங்களைக் கையாளும் ஆற்றலைத் தன்னகத்தே கொண்டிருந்தது. அட்லஸ் பொறி நிலைபெறச் செய்த கருத்து ஒரு சில்லினுள் அடங்கிவிட்டது.

எனினும் பயன் உடனே விளையவில்லை. மக்கள் அதற்குள் எண்ணற்ற டாஸ் நிரல்களை வாங்கியிருந்தனர். அவை 8088 பொறியின் முகவரி முறையை நம்பி எழுதப்பட்டவை. பழைய நிரல்கள் இயங்காத புதிய பொறியை வாங்குவார் இலர். ஆதலின் புதிய நுண்செயலிகள், மின்சாரம் பெற்றவுடன் தம்மை 8088 போலவே பாவித்துக்கொண்டு விழித்தன. நான்கு மெகாபைட்டு ரேம் வாங்கி வைத்திருந்தவரும், டாஸ் நிரலை இயக்கும்போது 640 கிலோபைட்டு வேலிக்குள்ளேயே நின்றார். 1985 வரை தாழ்வுக்குக் காரணம் வன்பொருளின் குறை. அதன்பின் காரணம் பழைமையோடு செய்துகொண்ட உடன்பாடு என இதனைப் பகுத்துக் காணலாம்.

பயனர் சுமந்த பணி

வேலியைத் தாண்டப் பலரும் பலவழிகளைக் கையாண்டனர். சொற்செயலியாகிய வேர்ட்ஸ்டார் தன் நிரலின் பகுதிகளைத் தனிக் கோப்புகளாக வட்டில் வைத்துக்கொண்டு, வேண்டியபோது ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் ஏற்றிக்கொண்டது. இது மார்க் 1 காலத்து நிரலர் செய்த பணியின் மறுபிறப்பே. 1985இல் லோட்டஸ், இன்டெல் நிறுவனங்களும் அவற்றோடு சேர்ந்த மைக்ரோசாஃப்டும் 'எக்ஸ்பாண்டெட்' நினைவக முறையை வகுத்தன. தனி அட்டையில் உள்ள நினைவகத்தை, 1 மெகாபைட்டு எல்லைக்குள் அமைந்த 64 கிலோபைட்டுச் சாளரம் ஒன்றின் வழியே, 16 கிலோபைட்டுத் துண்டுகளாக எட்டிப்பார்க்கும் முறை அது. பின்னர் 1988இல், 1 மெகாபைட்டுக்கு அப்பாலுள்ள 'எக்ஸ்டெண்டெட்' நினைவகத்தைக் கையாளும் விதிகள் வகுக்கப்பட்டன. முன்னதை விரிநினைவகம் என்றும் பின்னதை நீள்நினைவகம் என்றும் தமிழில் வேறுபடுத்தலாம். ஆங்கிலம் அறிந்தோரே இவ்விரு பெயர்களையும் குழப்பிக்கொண்டனர்.

1990இல் டிஆர் டாஸ் 5, 1991 ஜூனில் எம்எஸ் டாஸ் 5 ஆகிய இயங்குதளங்கள் வெளிவந்தன. இவை தம் உடலின் ஒரு பகுதியை 1 மெகாபைட்டுக்குச் சற்று மேலே கிடைக்கும் 65,520 பைட்டு இடத்துக்கு மாற்றிக்கொள்ளவும், சிறு துணைநிரல்களை 640க்கும் 1,024க்கும் இடைப்பட்ட வெற்றிடங்களில் ஏற்றவும் வழிசெய்தன. ஆனால் இவற்றைச் செய்விக்கவேண்டியவர் பயனரே. கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்செக்.பேட் என்னும் இரு கோப்புகளில் அவர் வரிகளை எழுதவேண்டும். முதலில் ஹைமெம்.சிஸ், பின்னர் இஎம்எம்386, அதன்பின் ஏனையவை என்னும் வரிசை பிறழக்கூடாது. துணைநிரல்களுள் பெரியதை முதலில் ஏற்றினால் அனைத்தும் அடங்கலாம்; சிறியதை முதலில் ஏற்றினால் பெரியதற்கு இடமின்றிப் போகலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொறியை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கவேண்டும். ஒரு வரி தவறினால் பொறி விழிக்காமலே நின்றுவிடுதலும் உண்டு. 1993இல் எம்எஸ் டாஸ் 6 உடன் வந்த மெம்மேக்கர் என்னும் நிரல் இச்சோதனைகளைத் தானே செய்து தகுந்த வரிசையைத் தேர்ந்தது. அதுவரை இது பெரும்பாலும் கைப்பணியாகவே இருந்தது.

இப்பணியைச் செய்தவர் யாவர் என நோக்குதல் வேண்டும். மான்செஸ்டர் நிரலர் கணிதம் பயின்றவர். தம் பணியின் ஒரு கூறாக இதனைச் செய்தவர். 1990களின் பயனரோ தட்டச்சர், கணக்கர், ஆசிரியர், அச்சுக்கோப்பாளர். இச்சுமை அவர்தம் பணியின் கூறன்று. பணியைத் தொடங்குமுன் கடக்கவேண்டிய தடை. முப்பது ஆண்டுகளுக்கு முன் வல்லுநர் தோளிலிருந்து இறக்கப்பட்ட சுமை, இப்போது வல்லுநரல்லாதார் தோளில் ஏற்றப்பட்டது.

விண்டோசின் இடமாற்றுக் கோப்பு

1990 மே 22 அன்று வெளிவந்த விண்டோஸ் 3.0, 386 நுண்செயலியின் பக்க மாற்ற ஆற்றலைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றது எனலாம். 1992 ஏப்ரலில் விண்டோஸ் 3.1 வந்தது. இவற்றில் இருவகை இடமாற்றுக் கோப்புகள் இருந்தன. தற்காலிகக் கோப்பாகிய வின்386.எஸ்டபிள்யூபி, விண்டோஸ் தொடங்கும்போது தோன்றி முடியும்போது மறைவது. நிலையான கோப்பாகிய 386ஸ்பார்ட்.பார், வன்தட்டில் மறைவாகவும் இடைவெளியின்றியும் தொடர்ந்து கிடப்பது. நிலையான கோப்பே விரைவுடையது. ஆனால் அதற்கு வன்தட்டில் தொடர்ச்சியான வெற்றிடம் வேண்டும். டபுள்ஸ்பேஸ் போன்றவற்றால் சுருக்கிவைக்கப்பட்ட தட்டில் அதனை வைத்தலும் ஆகாது. சிதறிக் கிடக்கும் கோப்புகளை முதலில் ஒருங்குபடுத்திய பின்னரே அதற்கு நல்ல இடம் கிடைத்தது. அவ்வொருங்குபடுத்தலோ மணிக்கணக்கில் நீளக்கூடியது.

அக்காலத்து ரேம் ஒரு தரவைத் தர ஏறத்தாழ 60 நானோ வினாடியும், வன்தட்டு ஏறத்தாழ 12 மில்லி வினாடியும் எடுத்துக்கொண்டன எனக் கொள்வோம். இவற்றிடையே உள்ள வேறுபாடு இரண்டு இலட்சம் மடங்கு. மேசையிலிருந்து நூலை எடுக்க ஒரு வினாடி ஆகுமெனில், அலமாரியிலிருந்து கொணர இரண்டு நாளுக்கு மேலாகும். நான்கு மெகாபைட்டு ரேம் உள்ள பொறியில் பக்க வடிவமைப்பு மென்பொருளையும் சில எழுத்துருக்களையும் பெரிய படமொன்றையும் ஒருங்கே திறந்தால், டென்னிங் வகுத்த எல்லையைப் பயனர் நேரிற் காணலாம். வன்தட்டின் சிறு விளக்கு ஓயாது மினுங்கும், சுட்டி நகராது, திரை ஓவியம்போல் நிற்கும். பெருங்கணிப்பொறிக் கூடத்தில் கண்டறியப்பட்ட அலைச்சல் என்னும் நோய் தெருமுனை அச்சுக்கோப்பு நிலையத்துக்கும் வந்துசேர்ந்தது. மருந்து ஒன்றே: பணித்தொகுதிக்கு வேண்டிய அளவு ரேம் வாங்குதல், அல்லது ஒரே நேரத்தில் திறப்பவற்றைக் குறைத்தல்.

ரேம் வாங்குதலும் எளிதாயிருக்கவில்லை. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிட்டோமோ வேதியியல் ஆலையில் தீவிபத்து நேர்ந்தது. சில்லுகளுக்கு உறையிடப் பயன்படும் பிசினுக்கு உலகம் அந்த ஆலையைப் பெரிதும் நம்பியிருந்தது. ஆதலின் நினைவகச் சில்லுகளின் விலை விரைந்து ஏறிற்று. மேலும், ரேம் வாங்கியவர்க்கும் விண்டோஸ் 3 வரிசையில் 'நினைவகம் போதாது' என்னும் அறிவிப்பு தோன்றுவதுண்டு. சாளரங்களையும் படவடிவங்களையும் பற்றிய குறிப்புகளை அவ்வியங்குதளம் 64 கிலோபைட்டு அளவுள்ள சில சிறு பகுதிகளில் வைத்திருந்தமையே காரணம். அவை நிரம்பினால் பல மெகாபைட்டு வெற்றிடம் இருந்தும் பயனில்லை. பொறி கூறிய காரணமும் உண்மைக் காரணமும் வேறாயிருந்தமையால் பயனர் தேவையற்ற செலவுக்கு ஆளாதல் எளிதாயிற்று.

1995 ஆகஸ்டு 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95, இடமாற்றுக் கோப்பைத் தேவைக்கேற்பத் தானே பெருக்கியும் சுருக்கியும் கொண்டது. பயனர் அதன் அளவை அறியவேண்டிய கட்டாயம் நீங்கிற்று. அட்லஸ் தொடங்கிவைக்கப்பெற்று அப்போது முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

இரண்டு மெகாபைட்டுக்காரரும் ஒரு மாணவரும்

இக்காலப் பகுதியில் நிகழ்ந்த ஒரு செய்தி, தீர்வு விரைந்து வந்துசேரவும் இயலும் என்பதைக் காட்டுகின்றது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தம் 386 பொறியில் லினக்ஸ் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். செருமனியிலிருந்து ஒருவர், தம் பொறியில் இரண்டு மெகாபைட்டு ரேமே உள்ளது, ஆதலின் லினக்சின் மூலநிரலைத் தொகுக்க இயலவில்லை என்று அவருக்குத் தெரிவித்தார். டோர்வால்ட்சுக்கு அவ்வசதி தேவைப்படவில்லை. அவர் பொறியில் நினைவகம் போதுமானதாயிருந்தது. எனினும் 1991 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அமர்ந்து, பக்கங்களை வன்தட்டுக்கு மாற்றும் பகுதியை எழுதினார். 1992 ஜனவரியில் வெளிவந்த 0.12 பதிப்பில் அது இடம்பெற்றது.

பெருநிறுவனங்கள் பழைய நிரல்களின் சந்தையை நோக்கித் தயங்கி நின்றன. இம்மாணவரோ பழைய நிரல் எதற்கும் கடன்பட்டவரல்லர். அறிவு நூல்களில் இருந்தது. நுண்செயலியில் வழி இருந்தது. கேட்பதற்கு ஓர் எளியவர் இருந்தார். அதனாற் சில நாட்களில் பணி முடிந்தது. தாழ்வுக்கு அறிவின் குறை காரணமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பற்றாக்குறையில் விளைந்த வாணிகம்

பற்றாக்குறை நீளும் இடத்தில் போலி மருந்தும் விற்பனையாகும். 1995இல் சின்க்ரோனிஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் சாஃப்ட்ரேம் 95 என்னும் மென்பொருளை வெளியிட்டது. தரவுகளைச் சுருக்கி வைப்பதன் வாயிலாக ரேமை இருமடங்காக்குவதாக விளம்பரம் கூறியது. புதிய சில்லு வாங்கும் விலையில் சிறு பகுதியே செலவு என்பதால் அது இலட்சக்கணக்கில் விற்றது. வல்லுநர் பிரித்து ஆராய்ந்தபோது, விண்டோஸ் 95இல் அது எதனையும் சுருக்கவில்லை என்று கண்டனர். 1995 இறுதியில் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1996இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அவ்விளம்பரங்கள் பொய்யானவை எனக் குற்றஞ்சாட்டி, அந்நிறுவனத்தை உடன்பாட்டுக்குக் கொணர்ந்தது.

இதில் கவனிக்கத்தக்கது, சுருக்குதல் என்னும் கருத்து பொய்யன்று என்பதே. 2013இல் ஆப்பிளின் மேவரிக்ஸ் இயங்குதளமும் 2015இல் விண்டோஸ் 10உம் பயன்படாத பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்புமுன் ரேமிலேயே சுருக்கிவைக்கும் முறையைக் கொண்டுவந்தன. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் அம்முறை இடம்பெற்றது. கருத்து மெய், விற்கப்பட்ட பொருள் பொய். இடமாற்றுக் கோப்பு தான் கொள்ளும் விலையாகிய காலத்தை மினுங்கும் விளக்கால் ஒளிவின்றிக் காட்டிற்று. போலி மருந்தோ விலையே இல்லை என்று கூறியது. நினைவகத்தைப் பற்றிப் பயனர்க்கு எடுத்துரைப்பார் இருந்திருப்பின், இத்துணைப் பேர் ஏமாந்திருக்கமாட்டார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. இடமாற்றுக் கோப்பின் அடிப்படைக் கருத்து 1962இல் இயங்கிக்காட்டப்பட்டது. அதன் எல்லை 1968இல் வரையறுக்கப்பட்டது. சிறு கணிப்பொறியில் அது காலந்தாழ்ந்து வந்தமைக்கு, முதலில் வன்பொருளின் எளிமையும் பின்னர்ப் பழைய நிரல்களின்மேல் கட்டப்பட்ட சந்தையும் காரணங்களாயின. அத்தாழ்வின் விலை பணமாக மட்டுமன்றி, எண்ணற்ற எளிய பயனர்களின் நேரமாகவும் கொடுக்கப்பட்டது. சந்தையைக் காத்த உடன்பாட்டால் பழைய நிரல்கள் பிழைத்தன என்பதும் உண்மையே. அந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் நன்மை பெற்றோர் கணக்கு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் உள்ளது. நேரம் கொடுத்தோர் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை.

அக்கணக்கின் ஒரு சிறு பகுதி நம்மிடையே இருக்கின்றது. 1990களில் தமிழ் நூல்களையும் சிற்றிதழ்களையும் கணிப்பொறியில் கோத்தவர் பலர் இன்றும் நம் ஊர்களில் வாழ்கின்றனர். அக்கால நூல்களின் பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அச்சுக்கோப்பாளர் பெயர் அரிதாகவே இருக்கும். எவ்வளவு நினைவகம் கொண்ட பொறியில் அவர்கள் பணி செய்தனர், நீண்ட நூலொன்றை எத்தனைத் துண்டுகளாகப் பிரித்து வைத்தனர், பொறி நின்றுபோனபோது எத்தனைப் பக்கங்களை மீண்டும் தட்டச்சு செய்தனர் என்பவை அவர்களைக் கேட்டால் மட்டுமே தெரியவரும். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், படைப்பாளர் நேர்காணல்களோடு இவர்தம் நேர்காணல்களையும் பதிவு செய்யும் பணியை வரும் ஆண்டிலேயே மேற்கொள்ளுமாயின், தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கு அது பயன்மிக்க தொண்டாக அமையும்.